அது சண்டை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கலிபோர்னியப் பயணக் கட்டுரையில், கிளியர் ஏரியில் இருந்த போமோ பழங்குடி மக்களின் கிராமம் '1850இல் நடந்த சண்டையோடு மறைந்துபோனது' என்ற வரியைப் படித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். அந்தச் 'சண்டை' எங்கிருந்து வந்தது என்பது அருகிலிருந்த படத்தைப் பார்த்தபோதே புரிந்தது. அது, நடந்ததைச் சண்டை என்று சொல்லி 1942இல் பதித்த நினைவுப் பலகை. அங்கு செல்ல நெடுஞ்சாலை 20இலிருந்து திரும்பும் முனையிலேயே 2005இல் வைத்த இன்னொரு பலகை நிற்கிறது. அதில் படுகொலை என்றே பொறித்திருக்கிறார்கள். தங்கள் கட்டுரையாளர் கண்ணை மூடிக்கொண்டு காரோட்டியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

வரலாறு தாங்கள் அறியாததல்ல. ஆண்ட்ரூ கெல்சி, சார்லஸ் ஸ்டோன் என்ற இரு வெள்ளைக் குடியேறிகள் போமோ மக்களை அடிமைகளாக்கி, அடித்து, பட்டினி போட்டு வேலை வாங்கினார்கள். பொறுக்க முடியாமல் போமோ மக்கள் 1849இல் இருவரையும் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்க வந்த அமெரிக்க ராணுவக் கேப்டன் நத்தானியேல் லயனின் படை, 1850 மே 15 அன்று போ-நோ-போ-டி என்ற தீவுக் கிராமத்தில் இருந்தவர்களைக் கொன்று குவித்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அறுபதுக்குக் குறையாது, நூறைத் தாண்டியும் இருக்கலாம் என்று கணக்கு எழுதியவர் லயனேதான். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி நாணல் தண்டின் வழியே மூச்சுவிட்டபடி தண்ணீருக்கடியில் கிடந்து உயிர் பிழைத்தாள்; பின்னாளில் லூசி மூர் என்று அறியப்பட்டவர் அவர்தான். இதையா சண்டை என்பது?

'மறைந்துபோனது' என்ற சொல்லும் உறுத்துகிறது. நான் அங்கே போய் நின்றிருக்கிறேன். சுற்றியிருந்த நீரை வடித்து நிலமாக்கிவிட்டதால் தீவு இன்று வயல் நடுவே ஒரு மேடு, அவ்வளவே. ஆனால் கொல்லப்பட்டவர்களின் இனத்தார் அதே ஏரிக்கரையில் இன்றும் வாழ்கிறார்கள். கெல்சியின் பெயரைத் தாங்கிய ஊரும் அங்கேயே இருக்கிறது. அதைக் கட்டுரையாளர் மறக்காமல் குறிப்பிட்டுவிட்டார், அங்கே காபி நன்றாக இருந்ததாம்.

போமோ மக்கள் 'பொழுதுபோக்காகக் கூடை முடைந்தார்கள்' என்றும் எழுதியிருக்கிறார். போமோ மூதாட்டி ஒருவர் முடைவதை அருகிலிருந்து பார்த்தவள் நான். கோரை வேரின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுநுனியை இரு கைகளாலும் இழை பிசகாமல் பிளந்தார். அந்த இழையை வில்லோ மரக் குச்சியைச் சுற்றிச் சுற்றித் தைக்கும்போது தண்ணீர் ஒழுகாத அளவுக்கு நெருக்கம் வந்துவிடுகிறது. நீர் ஒழுகாத கூடையில்தான் கசப்பு நீக்கி அரைத்த ஓக் கொட்டை மாவைக் கரைத்து, சுட்ட கற்களைப் போட்டுக் கூழ் காய்ச்சினார்கள். பிள்ளையைச் சுமக்கவும், மீன் பிடிக்கவும், மணவீட்டுக்குக் கொடுக்கவும் கூடைதான். அந்த வேர் விளைந்த டிரை கிரீக் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி, 1983இல் முடிந்த வார்ம் ஸ்பிரிங்ஸ் அணைக்குள் போயிற்று. அந்த நீர்த்தேக்கத்தில் படகு சவாரி அருமை என்று முன்பொரு முறை தாங்கள் அரைப்பக்கம் ஒதுக்கியது நினைவிருக்கிறது.

இதுவும் முதல் முறையல்ல. சில ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியப் பழங்குடிகளைப் பற்றிய கட்டுரைக்கு, சமவெளிப் பழங்குடித் தலைவர் அணியும் நீண்ட இறகுக் கிரீடத்தின் படத்தைப் போட்டிருந்தீர்கள். சுட்டிக்காட்டி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் 'படங்கள் அருமை' என்ற பாராட்டாகச் சுருங்கி வெளிவந்தது. தங்கள் உதவி ஆசிரியரின் கைவண்ணத்தை வியந்து அன்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் 'சண்டை' என்பதைப் 'படுகொலை' என்று திருத்தி, கட்டுரையில் ஓரிடத்திலும் வராத போ-நோ-போ-டி என்ற பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள். இரண்டு வரி போதும். சென்ற முறை எனக்கு ஒதுக்கிய இடமே தாராளம்.

தங்கள் நெடுநாள் வாசகி,
சான்டா ரோசா, கலிபோர்னியா