‘தேர்ந்தெடுக்கவும்’ என்பதையே தேர்வாக எடுத்துக்கொள்ளும் படிவங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்லைன் படிவத்தில் மாவட்டமும் தாலுகாவும் சரியாகக் கொடுத்தாலும் ‘தவறான உள்ளீடு’ என்றே வருகிறது, சர்வர் சரியில்லை என்று வாசகர் ஒருவர் சலித்துக்கொண்டிருந்தார். பாவம் சர்வர். பெரும்பாலும் தவறு படிவத்தை எழுதியவருடையதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது பட்டியலின் முதல் வரி. ‘மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற ஆப்ஷனுக்கு (பட்டியல் வரிக்கு) வேல்யூ, அதாவது சர்வருக்கு அனுப்ப வேண்டிய மதிப்பு, எழுதாமல் விட்டால், பிரவுசர் அந்த வாசகத்தையே மதிப்பாக எடுத்துக்கொள்ளும். செலக்டில் (பட்டியல் பெட்டியில்) ‘கட்டாயம் நிரப்ப வேண்டும்’ என்னும் ரெக்வயர்ட் குறி இருந்தும் தடுக்காது. சர்வருக்குப் போன பிறகுதான் ‘இப்படி ஒரு மாவட்டமே இல்லை’ என்று திரும்பி வரும். வேல்யூவில் 0 போட்டாலும் இதே கதைதான். வேல்யூவின் மேற்கோள் குறிகளுக்குள் ஒன்றுமே இருக்கக் கூடாது, ஒரு ஸ்பேஸ்கூட.

அடுத்தது காங்கேயத்துக்காரர்களுக்கு வரும் தொல்லை. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டில் இருந்தவை. திரையில் புதிய பட்டியல், சரிபார்க்கும் இடத்தில் பழைய பட்டியல் என்றிருந்தால் எத்தனை முறை சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் பிழைதான். இரண்டும் ஒரே டேபிளிலிருந்து படிக்க வேண்டும். மாவட்டத்தை மாற்றிய உடனே தாலுகாவின் பழைய மதிப்பை அழிப்பதும் கட்டாயம். இல்லாவிட்டால் கோவை மாவட்டத்தோடு ஈரோட்டுப் பெருந்துறை போய்ச் சேரும்.

தமிழ்ப் பெயரையே மதிப்பாக வைப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ‘பொள்ளாச்சி’யின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு ஊர். ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி என்னும் ஒரே சீரான வடிவுக்கு மாற்றினால் தீரும். அதைவிட, மதிப்பாக ஓர் எண்ணை வைத்து, ஊர்ப்பெயரைத் திரையில் மட்டும் காட்டுவதே நல்லது.

மாவட்டத்தை மாற்ற முடியாதபடி பூட்ட நினைத்து, பெட்டியைச் செயலிழக்கச் செய்யும் டிசேபிள்ட் குறியைப் போடுகிறார்கள். அப்படிப் போட்ட பெட்டியின் மதிப்பு சர்வருக்குப் போகவே போகாது. ‘பார்க்கலாம், மாற்ற முடியாது’ என்னும் ரீட்ஒன்லி குறியும் செலக்டுக்குக் கிடையாது. அதனால் கூடவே திரையில் தெரியாத ஒரு ஹிடன் இன்புட்டில் அதே மதிப்பை வைக்க வேண்டும். அதையும் யாராவது மாற்றி அனுப்பலாம் என்பதால் சர்வரில் சரிபார்ப்பு தப்பக் கூடாது.

சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் எச்சரிக்கை போகவில்லையா? நம் சொந்த எச்சரிக்கையை வைக்கும் செட்கஸ்டம்வேலிடிட்டி என்ற கட்டளைக்கு வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத வாசகம்) கொடுத்துப் பழைய செய்தியை அழிக்க மறந்திருப்பார்கள். பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், அழகுக்காக டிஸ்பிளே நன் என்ற வடிவமைப்பு விதி கொடுத்து மறைத்த செலக்டில் ரெக்வயர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மறைந்த பெட்டிமேல் பிரவுசரால் எச்சரிக்கை காட்ட முடியாமல் படிவம் அப்படியே நின்றுவிடும், நிரலாளர் பார்க்கும் பிரவுசர் கன்சோலில் மட்டும் ஒரு பிழை வரி விழும்.

‘தவறான உள்ளீடு’ என்பதற்குப் பதிலாக, ‘தாலுகாவைத் தேர்வு செய்யுங்க’ என்று அந்தப் பெட்டிக்குக் கீழேயே எழுதலாமே. நிரப்பிய மற்ற பெட்டிகளைக் காலியாக்காமலும் இருக்கலாம்.

– இணைய நிரலாளர் ஒருவர்,
பீளமேடு, கோவை.