மண் ஈரம், செடி வாட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் மாடித் தோட்டங்களில் முதலில் சாய்பவை பாலைவன ரோஜா எனப்படும் அடினியமும், சதைப்பற்றான இலைகள் கொண்ட எச்சவேரியாவும்தான். மண் ஈரமாக இருக்கும். இலை மட்டும் தொய்ந்து கிடக்கும். தாகம் என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றுகிறார்கள், செடி முடிந்தது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் வரும் வாட்டம் அது.

தாகத்தில் இலை சுருங்கி மெலியும். அழுகலில் கீழ் இலைகள் மஞ்சளாகி, நீர்கோத்துக் கண்ணாடிபோல் ஆகி, தொட்டாலே கழன்று விழும். அடினியத்தின் பருத்த அடித்தண்டு வறட்சியிலும் சற்றுத் தளரும். ஈர மண்ணில் நிற்கும்போது தளர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

உடனே தொட்டியைக் கவிழ்த்து, வேரிலுள்ள மண் முழுவதையும் அலசிவிட வேண்டும். நல்ல வேர் வெளிறி உறுதியாக இருக்கும். அழுகியதை இழுத்தால் தோல் உருவிக்கொண்டு உள்நரம்பு மட்டும் நூலாக நிற்கும். சர்ஜிகல் ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் அதை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை மறுபடி துடைக்க வேண்டும். வெட்டுமுகத்தின் நடுவில் பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் இன்னும் மேலே வெட்டுவதே சரி. இங்கே இரக்கப்பட்டு நிறுத்துவதால்தான் பத்து நாளில் மறுபடி அழுகுகிறது. அடினியத்தின் பால் நச்சு, கையுறை அவசியம்.

வெட்டுமுகத்தில் பூஞ்சைக்கொல்லித் தூளோ கந்தகத் தூளோ தடவி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். எச்சவேரியாவுக்கு மூன்று முதல் ஐந்து நாள், தடித்த அடினியத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல். வெட்டுமுகம் காய்ந்து தோல் கட்டும்வரை நடக்கூடாது. சமையலறைப் பட்டைத்தூளைத் தண்டின் வெட்டில் வைக்கலாம். நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி நர்சரியிலிருந்து கூடவே வரும் தென்னை நார்த்தூள். எடை குறைவு என்பதால் அவர்களுக்கு வசதி. மழை படாத கூரைக்கடியில் அது சரி; நம் வீட்டில் பல நாள் ஈரம் பிடித்து வேருக்குக் காற்றில்லாமல் செய்துவிடும். தோட்டமண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் செங்கல் துண்டோ பெர்லைட் என்னும் எடை குறைந்த எரிமலைக்கல் பொரியோ மூன்று பங்கு போதும். அடியில் கூழாங்கல் பரப்பும் வழக்கத்தால் பயனில்லை. நுண்ணிய மண்ணிலுள்ள நீர் கல்லடுக்குக்குள் எளிதில் இறங்காது. ஈரம் வேருக்கு இன்னும் அருகில்தான் தேங்கும். வேரளவுக்கு ஏற்ற சிறிய மண்தொட்டியே நல்லது. நட்டு ஐந்தாறு நாள் கழித்தே முதல் தண்ணீர்.

வேர் முழுதும் போயிருந்தால் எச்சவேரியாவின் தலையை வெட்டிக் காயவைத்து நடலாம். அடிக்கணு சிதையாமல் கழற்றிய இலையும் துளிர்க்கும். அடினியக் கிளையும் வேர்விடும், ஆனால் அதற்குப் பருத்த அடித்தண்டு எளிதில் அமையாது.

பத்திரிகைகளின் தோட்டப் பகுதிகளில் 'வாரம் ஒருமுறை தண்ணீர்' என்று எழுதுவதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டுகிறோம். ஓர் ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம், அது எந்தக் கிழமையானாலும்.

– மாடித்தோட்ட வாசகர்கள், திருச்சி