அடைப்பு விகிதத்தைச் சொல்லாத சோதனை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறு காற்றாலைகள் பற்றிய கட்டுரையில், "முன்னால் தடுப்பு இருந்தாலும் மின் உற்பத்தி குறைவதில்லை, கூடவே செய்கிறது என்பது காற்றுச் சுரங்கச் சோதனையில் நிரூபணமாகியுள்ளது" என்றொரு வரி வந்திருந்தது. இருபத்தாறு ஆண்டுகள் காற்றுச் சுரங்கத்தில், அதாவது காற்றைச் செலுத்தி மாதிரிகளைச் சோதிக்கும் மூடிய கூடத்தில், வேலை பார்த்த எனக்கு அந்த வரி ஆறாத வருத்தத்தைத் தந்தது.

காற்றின் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பதும், வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒன்றாகிவிடும் என்பதும் தாங்கள் அறிந்தவையே. திறந்த வெளியில் கட்டடமோ மரமோ குறுக்கிட்டால் காற்று மேலாகவும் பக்கவாட்டிலும் விலகிப் போய்விடும். தடையின் உயரத்தைப் போல் இருபது மடங்கு தூரம் வரைகூட அதன் பின்னால் வேகம் குன்றிய, கொந்தளிப்பான காற்றே மிஞ்சும். மூடிய சுரங்கத்திலோ விலகிப் போக இடமில்லாததால், சுவருக்கும் மாதிரிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் காற்று நெருக்குண்டு வேகமெடுக்கிறது, கருவியும் கூடுதல் உற்பத்தியைக் காட்டுகிறது. 2000-ஆம் ஆண்டில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் பத்து மீட்டர் விட்டமுள்ள காற்றாலைச் சுழலியைச் சோதித்த சுரங்கம் 24.4 மீட்டர் உயரமும் 36.6 மீட்டர் அகலமும் கொண்டது. அங்கேயே சுழலி சுரங்கத்தின் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை அடைத்தது; இந்தப் பங்கைத்தான் அடைப்பு விகிதம் என்கிறோம். தங்கள் கட்டுரையின் படத்திலோ இறக்கை நுனிக்கும் சுவருக்கும் இடையே ஒரு கை நுழைவதே கடினம்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் எங்கள் குழுவும் இதே பிழையைச் செய்தது. அடைப்பால் கூடிய வேகத்தின் விளைவைக் கழிக்கும் திருத்தத்தைப் போட்டுக் கணக்கிட்டபோது, நாங்கள் மகிழ்ந்து கொண்டாடிய கூடுதல் உற்பத்தி முழுவதும் காணாமல் போயிற்று. அன்று முதல் அடைப்பு விகிதத்தைக் கேட்காமல் எந்தச் சோதனை முடிவையும் நான் ஏற்றதில்லை.

இது முதல் முறையும் அல்ல. ஒரு காற்றாலை காற்றின் ஆற்றலில் 70 விழுக்காட்டை மின்சாரமாக்குவதாகத் தாங்கள் முன்பு வெளியிட்டபோது, காற்றிலிருந்து ஒரு காற்றாலை எடுக்கக்கூடிய ஆற்றலின் உச்ச அளவான பெட்ஸ் வரம்பு 59.3 விழுக்காடுதான் என்று பணிவுடன் எழுதினேன், பதில் இல்லை. சுரங்கத்தின் சீரான காற்றை வெளிக் காற்றாகவே கருதிய கட்டுரைக்கும் எழுதினேன். வெளிக் காற்றின் கொந்தளிப்பை உண்டாக்க மாதிரிக்கு முன்னால் கூம்புகளையும் கட்டைகளையும் வரிசையாக நட்டு நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்கடிதமும் வெளிவரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் இத்தகைய எழுத்தை நம்பி, மாடிக் கட்டடத்தின் பின்புறம், அதே உயரக் கோபுரத்தில் காற்றாலையை நிறுத்தினார். நிலைகொள்ளாமல் திசை மாறித் திரும்பிக்கொண்டே இருந்த அதன் இறக்கை, இரண்டாம் ஆண்டில் அடிப்பகுதியில் விரிசல் கண்டது. "சோதனையில் நிரூபித்தார்களே" என்று அவர் கேட்டபோது என்னால் தலைகுனியத்தான் முடிந்தது.

அந்தச் சோதனையின் அடைப்பு விகிதம் எவ்வளவு, திருத்தம் செய்யப்பட்டதா என்ற இரண்டு வரிகளை அடுத்த இதழில், அதே பக்கத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காற்றுச் சுரங்கப் பணியாளர்