பழைய அணியின் ஆட்டம்: வருமுன் படியுங்கள்

நண்பர்களே, நம் பள்ளிக் கிரிக்கெட் அணி பல ஆண்டு கழித்து ஒன்றாக இறங்குகிறது. யாரும் நொண்டிக்கொண்டு வீடு திரும்பக் கூடாது.

அணிக்கு 12 ஓவர். ஒருவருக்கு 2 ஓவர்தான், அதையும் தொடர்ந்து வீச வேண்டாம். கனமான டென்னிஸ் பந்து போதும். தோல் பந்து 156 முதல் 163 கிராம். பயிற்சி விட்டுப்போன கைக்கு விரல் முறியும், வேண்டவே வேண்டாம்.

நம் வயதில் முதலில் பிடிப்பது தொடையின் பின்தசையும் கெண்டைக்காலும்தான். ஃபீல்டிங்கில் அரை மணி நேரம் அசையாமல் நின்றுவிட்டுத் திடீரென்று பந்தைத் துரத்தும்போது தசை கிழியும். ஆகவே முதலில் 15 நிமிடம்: வேகநடை, மெல்லோட்டம், கால் வீசல், கடைசியில் பாதி வேகத்தில் நான்கு ஓட்டம். ஃபீல்டிங்கிலும் ஓவருக்கு ஓவர் நடந்துகொண்டே இருங்கள். பந்து வீசுவோர் 3 வாரம் முன்பே தொடங்குங்கள், வாரம் இருமுறை, 12 பந்து. தோள் ஒரே நாளில் பழகாது.

சர்வதேச ஆட்டங்களில் 2011-இல் ரன்னரை, அதாவது காயம்பட்ட மட்டையாளருக்குப் பதிலாக ஓடுபவரை, நிறுத்திவிட்டார்கள். நம் ஆட்டத்தில் உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

இதயம், ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பெயர் தாருங்கள். யாருக்காவது நெஞ்சு இறுகினால் ஆட்டம் அங்கேயே நிற்கும்.

ஆட முடியாதவர்களும் வாருங்கள். நடுவரும் ஸ்கோர் எழுதுபவரும் தேவை.