நாலு தாள் ஒரு சட்டை

ஒருபால் ஈர்ப்பினருக்கும் திருநருக்குமான நம் இதழின் வாசகர்களுக்கும், சந்தாதாரர்களுக்கும், "பேரைப் போட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டு உதவியவர்களுக்கும்,

வணக்கம். அறையில் இன்னும் சேற்று வாடை போகவில்லை. பினாயில் மூன்று பாட்டில் தீர்ந்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18-ல் திருநெல்வேலியை மூழ்கடித்த வெள்ளத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீங்கள் பார்க்காததா? உங்களில் பாதிப் பேர் எங்களைவிட அதிகம் இழந்தவர்கள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே ஆறு புகுந்த அன்று, மீனாட்சிபுரத்தில் ஒரு தரைத்தள அறை எம்மாத்திரம்.

எனக்கு ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அறைக்குள் போக முடிந்த அன்று முதலில் தேடியது சந்தா நோட்டை. இதழ்க் கட்டுகள் போனது போனதுதான், மறுபடி அடித்துக்கொள்ளலாம். நோட்டு அப்படியில்லை. அதில் இருப்பது வெறும் முகவரிகளா? 'கடைக்கு மட்டும் அனுப்பவும்.' 'போன் பண்ணக் கூடாது.' 'தோழி வீட்டு முகவரி, மாமியாருக்குத் தெரியாது.' பழுப்புத் தாளில் சுற்றி, அனுப்புநர் இடத்தில் 'தையல் வகுப்பு' என்று எழுதித்தான் பல பேருக்கு இதழ் போகிறது. அந்த நோட்டு தப்பான கையில் கிடைத்தால் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்கு அடி விழும், ஒரு பையனுக்குப் படிப்பு நிற்கும். கம்ப்யூட்டரில் ஏற்றாமல் இத்தனை வருஷம் கையால் எழுதி வைத்திருந்ததே அதனால்தான். அது ஊறி, ரொட்டி மாதிரி உப்பி, மேசைக்கடியில் கிடந்தது.

தையலை பிளேடால் அறுத்துத் தாள் தாளாகப் பிரித்தோம். 96 தாள். வெயில் இல்லை. கரண்ட் இல்லாததால் வீட்டு அயர்ன் பாக்ஸும் உதவாது. அப்போதுதான் பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முனைத் தேய்ப்பு வண்டி ஞாபகம் வந்தது. கரிப்பெட்டிக்குக் கரண்ட் எதற்கு? ஆறேழு வருஷமாக ஆச்சியிடம் துணி கொடுக்கிறேன். "ரெண்டு சேலை, நாலு சட்டை" என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

"ஆச்சி, தாளு தேய்ப்பியளா?"

"பத்திரமாளா?"

"பத்திரம் மாதிரிதான் ஆச்சி."

"அப்பம் கொண்டா."

பலகையில் விரிக்கப் பழைய பேப்பர் ஒன்றை எடுத்தவர், விரிக்குமுன் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தை வாய்விட்டுப் படித்தார். "சவம், சின்ன வயசு" என்று உச்சுக் கொட்டினார். எனக்குத் திக்கென்றது. ஆச்சிக்கு வாசிக்கத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஏன் நினைக்கவில்லை என்று யோசித்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அது தனிக்கதை.

பெட்டியைத் திறந்து இடுக்கியால் இரண்டு கங்கை வெளியே எடுத்துப் போட்டார். தண்ணீரைத் தெளித்துப் பார்த்தார். சுர் என்ற சத்தம் அடங்கின பிறகு, "தாளும் பட்டும் ஒண்ணு, சூடு கம்மியாத்தான் வேணும்" என்றார். தாளின் மேல் ஒரு பழைய வேட்டித் துண்டு. பெட்டியை இழுக்கவில்லை. வைப்பது, எடுப்பது, அவ்வளவுதான். இழுத்தால் ஈரத்தாள் கிழியுமாம். ஆவியில் ஆற்றுச் சேறும் சிரட்டைக்கரியும் கலந்த ஒரு வாசனை வந்தது.

நான் பக்கத்திலேயே நின்றேன். தாளைப் பார்க்கவில்லை, ஆச்சியின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்துத் தாள் முடிந்திருக்கும்.

"ஏளா, என்ன காவலுக்கா நிக்கே?"

பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். ஆச்சி என்ன ஏது என்று கேட்கவில்லை. வேட்டித் துண்டை என் கையில் கொடுத்தார்.

"நீயே வையி, நீயே மூடு. நான் துணியத்தான் தேய்க்கேன்."

மீதி 86 தாளும் அப்படித்தான் காய்ந்தது. நான் தாளை வைத்துத் துணியால் மூடும்வரை ஆச்சி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடிவிட்டு "ம்" என்றால் பெட்டி வரும். திருப்பிப் போடும்போது மறுபடி தெரு. இடையில் ஒருத்தர் பேன்ட் கொண்டுவந்து நின்று, "என்ன ஆச்சி, தாளெல்லாம் தேய்க்கிய?" என்று எட்டிப் பார்த்தார். "ஸ்கூல் பரீட்சைப் பேப்பரு, நாளைக்கு வாரும்" என்று அவரை அனுப்பினார். பொய் சொல்ல நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இருட்டிப் போய் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் முடிந்தது.

"நாலு தாளு ஒரு சட்டை. இருவத்தி நாலு சட்டைக்கு எரநூத்தி நாப்பது குடு." நான் ஐந்நூறை நீட்டி, பாக்கி வேண்டாம் என்றேன். சுருக்குப்பையை அவிழ்த்து இருநூற்று அறுபதை எண்ணி என் கையில் வைத்தார்.

மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2018 செப்டம்பர் 6, வயது வந்தவர்களின் சம்மதத்தோடான ஒருபால் உறவு 377-ஆம் பிரிவில் இனிக் குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ராத்திரி, மூன்று பேர் ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசி ஆரம்பித்தது இந்த இதழ். அன்றைக்கு வந்த கடிதங்களில் 'நான் அப்படிப்பட்டவள்' என்றுதான் இருக்கும். தன்னைச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. 2022-ல் தமிழக அரசிதழில் எங்களைக் குறிக்கும் சொற்பட்டியல் வந்த பிறகு 'பால்புதுமையர்' (ஆங்கிலத்தில் 'குயர்') என்று எழுத்துப் பிழையோடு எழுதி, பெருமையாக அடிக்கோடு போட்டு அனுப்பினார்கள். நாங்களும் பேசு, எழுது, வெளியே வா என்று பக்கம் பக்கமாகப் போட்டோம். வெளியே வர முடியாதவர்கள் நோட்டில் இருந்தார்கள். அவர்களுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று எங்களுக்கு ஏன் தோன்றவில்லை? இதற்கு முன்னால் ஒரு அச்சகம் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாருக்கும்மா?" என்று ஆயிரம் கேள்வி கேட்டு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. கேள்வி கேட்டவர்களையே பார்த்துப் பழகிவிட்டோம்போல.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாசகர் கடிதக் கட்டைப் பிரிக்காமல் அப்படியே உறைய வை, பூஞ்சை பிடிக்காது என்று போனில் சொன்ன நூலகத் தோழிக்கும், கரண்ட் வந்ததும் குச்சி ஐஸுக்குப் பக்கத்தில் அந்தக் கட்டுக்கு இடம் கொடுத்த ஐஸ்கிரீம் கடைத் தம்பிக்கும், சேறு வார வந்த திருநங்கைத் தோழிகள் ஆறு பேருக்கும் (எங்களுக்குச் சோறும் ஆக்கிப் போட்டார்கள்), பழைய பாக்கியைக் கேட்காமலே புது அச்சு பிளேட் போட்ட இப்போதைய அச்சக அண்ணாச்சிக்கும், ஆயிரம் பீடி சுற்றின கூலியை அப்படியே மடித்து அனுப்பிய முக்கூடல் அக்காவுக்கும் நன்றி. அக்கா, உங்கள் பத்தி அடுத்த இதழில் கட்டாயம் உண்டு. ஒருபால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்த அக்டோபர் 17 தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் எல்லோரும் கொட்டித் தீர்த்ததை வைத்துப் போட்ட இதழ்தான் தண்ணீரில் போனது. அது பொங்கலுக்குள் மறுபடி அச்சாகி வரும். பக்கம் குறையாது.

இனி நோட்டு இரண்டு பிரதி, இரண்டு ஊரில், இரண்டும் பரணில். நேற்று ரவிக்கை கொடுக்கப் போனபோது ஆச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மேல வச்சியா?"

ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். நோட்டு முழுக்க பால்பாயிண்ட் பேனா, தண்ணீர் அதை ஒன்றும் செய்யவில்லை. 2021-ல் மட்டும் ஒரு ஆறு மாதம், அழகாக இருக்கட்டும் என்று ஊதா ஜெல் பேனாவில் எழுதித் தொலைத்தேன். அந்த ஏழு தாளும் காய்ந்து வந்தன, எழுத்து வரவில்லை. ஊதாவாக ஒரு கறை. அந்த வருஷம் சேர்ந்தவர்களுக்கு இதழ் வராவிட்டால், நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். ஐம்பது பைசா கார்டில், தையல் வகுப்பில் சேர விருப்பம் என்று எழுதி, எந்த முகவரிக்கு என்று மட்டும் போடுங்கள். பெயர் எதுவானாலும் சரி.