நேற்று என்றால் 'ஹேவ்' வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான ஆங்கில இலக்கணப் பகுதியில், சற்று முன் முடிந்த செயலுக்கு 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' ('ஐ ஹேவ் ரிட்டன்' போல 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' சேர்ந்த வினை வடிவம்), முடிந்து நாளான செயலுக்கு 'சிம்பிள் பாஸ்ட்' ('ஐ ரோட்' போன்ற இறந்தகால வடிவம்) என்று விளக்கப்பட்டிருந்தது. பள்ளிகளில் வழிவழியாகச் சொல்லித்தரப்படும் விளக்கந்தான் என்றாலும், அது மாணவர்களைப் பல இடங்களில் தவறான பக்கமே திருப்பிவிடும்.

செயல் முடிந்து எவ்வளவு நேரமாயிற்று என்பது இங்கே கணக்கில்லை. ஒரு நிமிடத்துக்கு முன் பார்த்தவரைப் பற்றியும் 'ஐ சா ஹிம் எ மினிட் அகோ' என்றுதான் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் குடியிருந்துவரும் ஊரைப் பற்றியோ 'பீப்பிள் ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் தவுசண்ட்ஸ் ஆஃப் இயர்ஸ்' என்பதே சரி. குறிப்பிடும் காலப்பகுதி முடிந்துவிட்டதா, பேசும் நேரம்வரை நீள்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்கு 'ஐ ஹேவ் ரிட்டன் டூ லெட்டர்ஸ் திஸ் மார்னிங்' என்று சொல்பவர், அதே இரு கடிதங்களைப் பற்றி மாலையில் பேசும்போது 'ஐ ரோட்' என்பதற்கு, காலைப்பொழுது கழிந்துவிட்டதே காரணம்.

நம் மாணவர்கள் தடுமாறுவதில் தமிழுக்கும் பங்குண்டு. 'முதலமைச்சர் நேற்று தெரிவித்துள்ளார்' என்று தங்கள் நாளிதழ் உட்பட எல்லா ஏடுகளும் எழுதுகின்றன. ஈரத் தரையைப் பார்த்துவிட்டு 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். தமிழில் இவற்றில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த 'உள்ளார்', 'இருக்கிறது' எல்லாவற்றையும் 'ஹேஸ்' என்று பெயர்த்துப் பழகியவர், 'ஹேஸ் செட் எஸ்டர்டே' என்று தயங்காமல் எழுதிவிடுகிறார். ஆங்கிலச் செய்தியிலோ முதல் வாக்கியம் 'ஹேஸ் அனவுன்ஸ்ட்' என்று தொடங்கினாலும், கிழமையோ தேதியோ வந்த உடனே வினை சிம்பிள் பாஸ்டுக்கு மாறிவிடும்.

வேலை விண்ணப்பங்களில் இது வெறும் இலக்கணப் பிரச்சினையாக நிற்பதில்லை. 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019' என்பது காதுக்கு உறுத்தினாலும் பொருள் விளங்கிவிடும். விட்டு வந்த நிறுவனத்தைப் பற்றி 'ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று எழுதினால், படிக்கும் அதிகாரி விண்ணப்பதாரர் இன்னும் அங்கேயே பணியில் இருப்பதாக எடுத்துக்கொள்வார்.

'சற்று முன்' என்ற விளக்கம் 'ஜஸ்ட்' என்ற சொல்லைப் பார்த்து வந்திருக்கலாம். பிரிட்டிஷ் வழக்கில் அது பெரும்பாலும் 'ஹேவ்' உடன்தான் வரும். அமெரிக்கர்களோ 'ஐ ஜஸ்ட் ஏட்' என்றும், 'டிட் யூ ஈட் யெட்?' என்றும் இயல்பாகப் பேசுகிறார்கள். (அதைச் சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு உடன்பாடில்லை.)

அடுத்த வாரப் பகுதியில் அந்த விளக்கத்தைத் திருத்தி வெளியிடுமாறும், பயிற்சி வினாக்களில் 'அகோ', 'சின்ஸ்', 'லாஸ்ட் வீக்' போன்ற காலச் சொற்கள் அமைந்த வாக்கியங்களைக் கூடுதலாகச் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திருச்சி.