நாலேகால் மணிக்கு ஒருமுறை நடந்து பார்

அன்பு மகள் செல்விக்கு,

கதிரை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப் பார்த்திருக்கும் இரண்டு பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டையும் கட்டணத்தையும் மாப்பிள்ளை எழுதி அனுப்பியிருந்தார். முடிவெடுக்கும் முன், பள்ளி விடும் நாலேகால் மணிக்கு வாசலில் நின்று, அங்கிருந்து நீங்கள் வாடகைக்குப் பேசியிருக்கும் வீடு வரை, அவன் தினமும் வரப்போகும் வழியிலேயே ஒருமுறை நடந்து பார்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் புதுக் கட்டடத்துக்காக மைதானத்தில் ஜல்லியும் மணலும் கொட்டினார்கள். அதுவரை பொழுது சாயும்வரை கபடி ஆடிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பையன்கள், போக்கிடம் இல்லாமல் எதிரே இருந்த பெட்டிக்கடை ஓரத்தில் நிற்கத் தொடங்கினார்கள். அந்தக் கடையில் மிட்டாய்ப் பாட்டில்களுக்கு மேலேயே புகையிலைச் சரங்கள் தொங்கும். தூணில் கட்டிய கயிற்றின் நுனி எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கும். சிகரெட் ஒன்றிரண்டாகவும் கிடைக்கும். அரையாண்டுத் தேர்வுக்குள் அவர்களில் நால்வர் உதட்டுக்கு அடியில் புகையிலை அதக்கப் பழகிவிட்டார்கள். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பெற்றோரை வரவழைத்தேன், பிள்ளைகளைக் கண்டித்தேன். கடையைப் பற்றியோ மைதானத்தைப் பற்றியோ ஒரு மனுகூட எழுதவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

இத்தனைக்கும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 18 வயது நிரம்பாதவருக்கு அதைக் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் இடமுண்டு. அப்படியிருந்தும், 13 முதல் 15 வயது மாணவர்களிடம் 2019-இல் நடத்திய உலக இளையோர் புகையிலை ஆய்வில், நம் நாட்டில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் புகையிலையைப் பயன்படுத்துவது தெரியவந்தது. மெல்லும் வகைக்குப் பழகியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வயது நிரம்பும் முன்பே தொடங்கியிருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளை கடை தேடி ஊரெல்லாம் அலைவதில்லை, அம்மா; கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் வாங்குகிறான்.

ஆகவே, போகிற வழியில் எத்தனை பெட்டிக்கடைகள் இருக்கின்றன, சீருடையில் வருபவனுக்கு அங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று கவனி. மாநகராட்சி எல்லைக்குள் மதுக்கடைக்கும் பள்ளிக்கும் இடையே 50 மீட்டர் இருந்தால் விதிக்குப் போதும். அந்தத் தூரத்தை ஒரு பையன் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுவான். மைதானம் மாலையில் திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று காவலாளியிடம் கேள். ஒரு மாணவன் இரண்டு நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவாரா என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரிடம் விசாரி. தெருவில், "நீ யார் வீட்டுப் பையன்?" என்று கேட்கிற பெரியவர் ஒருவராவது திண்ணையிலோ கடையிலோ உட்கார்ந்திருந்தால் அந்தத் தெருவை நான் நம்புவேன்.

கதிர் நல்ல பிள்ளை. அந்தக் கபடிப் பையன்களும் நல்ல பிள்ளைகள்தான்.

வீட்டுக்கு முன்பணம் இன்னும் கொடுக்க வேண்டாம். புதன்கிழமை காலை வண்டியில் வருகிறேன். மாலையில் இருவருமாக நடப்போம்.

அன்புடன்,
அப்பா